இரண்டு போர்டுகள்

ஒரகடம் செல்போன் தொழிற்சாலையில் மூன்றாவது லைனை மேற்பார்வை செய்யும் மென்பொருள் குணவதியின் குரலில்தான் பேசும். பதினெட்டு ஆண்டுகள் அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்துத்தான் கம்பெனி அதை உருவாக்கியது. "டீ குடிச்சியா?" என்று அது யாரையாவது விசாரிக்கும்போது குணவதிக்குப் பெருமை பிடிபடாது.

இந்த ஆண்டு லைன் லீடர் பதவி ஒன்றே ஒன்று. தேர்ந்தெடுக்கப்போவது மென்பொருள். தனக்குத்தான் கிடைக்கும் என்று குணவதி நம்பினாள். ஆறு மாதமாகத் தலை நிமிராமல் வேலை செய்து, முடித்த சர்க்யூட் போர்டுகளின் எண்ணிக்கையில் அவள்தான் முதல்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கி அதே லைனில் வேலை செய்யும் இன்னொருத்தியின் பெயரை அறிவித்தது: ஜெசிந்தா.

"என்னைவிட அவ என்னடி கிழிச்சிட்டா?" என்று குணவதி காதுக்கருவியில் மென்பொருளிடம் கேட்டாள்.

"புதுப் பொண்ணுங்க தட்டுல வேலை தேங்கினா, ரெண்டு போர்டை எடுத்துத் தன் தட்டுல போட்டுக்கிறாக்கா. கணக்கு அந்தப் பொண்ணுங்க பேர்லதான் ஏறுது."

"அது நான் ஆரம்பிச்ச பழக்கம்டி."

"ஆமாக்கா. உங்ககிட்டதான் நானும் கத்துக்கிட்டேன். ஆறு மாசமா நீங்க எடுக்கலையே."

குணவதிக்கு முகம் சுட்டது. எத்தனையோ மேனேஜர்கள் வந்து போனார்கள். ஒருவர் கண்ணிலும் அந்த இரண்டு போர்டுகள் பட்டதில்லை. இதன் கண்ணில் பட்டிருக்கிறது. மெல்லச் சிரிப்பு வந்தது.

ஜெசிந்தா தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "அக்கா, கோவமா?"

பக்கத்துப் பெண்ணின் தட்டிலிருந்து இரண்டு போர்டுகளை எடுத்துத் தன் தட்டில் வைத்தபடி குணவதி சொன்னாள்: "எதுக்குடி கோவம்? உன்னைத் தேர்ந்தெடுத்ததே நான்தானே."