வெளுத்துப்போன குரூப் போட்டோ

"இதை யார் கடைசி வரைக்கும் ஏத்தி வெச்சது?"

தயாளன் லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினார். கேள்வி என்னவோ மனைவி சாராளுக்குத்தான்.

திரையில், பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு, அன்று காலை சர்ச்சில் எடுத்த குரூப் போட்டோ. பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடையில், நடுவில் பேராயர். மொத்தமும் வெளுத்துக் கிடந்தது. கவுன்களில் லேஸ் தெரியவில்லை, மடிப்பு தெரியவில்லை. பேராயரின் சிவப்பு அங்கிகூட ரோஸ் கலருக்கு வந்திருந்தது.

தயாளனுக்கு அந்தச் சின்ன கேமரா என்றால் உயிர். போனில் எடுப்பதையெல்லாம் அவர் போட்டோ என்றே ஒப்புக்கொள்வதில்லை. சிட்லபாக்கம் சபையில் கல்யாணமோ கன்வென்ஷனோ, "தயாளன் அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை நடக்கும். அதில் அவருக்கு நிறையப் பெருமை, கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இன்று கமிட்டி உறுப்பினர் என்று அவரையும் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கேமராவை மனைவி கையில் கொடுக்கும்படி ஆயிற்று.

"எல்லாம் செட் பண்ணித்தானே குடுத்தேன்? வெள்ளை டிரஸ் நிறைய இருந்தா கேமரா ஏமாந்துபோய் படத்தை இருட்டாக்கிடும், அதுக்காக எக்ஸ்போஷரை, அதான் வெளிச்சத்தை, ஒரு துளி ஏத்தியிருக்கேன், எதையும் தொடாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"கை பட்டிருக்கும்." சாராள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"கை பட்டா ஒரு கோடு நகரும். இது ப்ளஸ் ரெண்டுல, கடைசில போய் நிக்குது! வேணும்னே அமுக்கினாத்தான் அங்க போகும்."

சாராள் அடுத்த துணியை எடுத்தாள்.

ஆயர் அவசரப்படுத்தினார் என்று சர்ச்சில் இருந்தபடியே, சரியாகப் பார்க்காமல், படத்தைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருந்தார் தயாளன். இப்போது அங்கே சபைக்காரர் லாசரஸ் எழுதியிருந்தார்: "மறுரூப மலையில எடுத்தீங்களா அண்ணே?" இயேசுவின் உடை ஒளியைப் போல வெளுத்ததாக பைபிள் சொல்லும் மலை அது. கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

"பாத்தியா, ஊரே சிரிக்குது! இதை பிரேம் போட்டு ஹால்ல மாட்டப் போறாங்க. இனிமே போற வர்றவங்கல்லாம் யார் எடுத்ததுன்னு கேப்பாங்க. என் பேரைத்தான் சொல்லுவாங்க!"

புலம்பிக்கொண்டே மெமரி கார்டில் இருந்த மற்ற படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, நான் ட்ரையலுக்கு ஒண்ணு எடுத்தேனே!"

அந்தப் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. லேஸில் இருந்த பூக்கள்கூடத் தெரிந்தன. பிள்ளைகள் இருந்தார்கள், பேராயர் இருந்தார். தயாளன் மட்டும்தான் இல்லை.

"நான் இல்லாட்டி போகுது. இதையே மாட்டச் சொல்லிடறேன்."

"அது வேணாங்க."

"ஏன் வேணாம்?"

சாராள் துணியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். முன் வரிசையில், பேராயருக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டினாள். சுற்றிலும் பளிச்சென்ற வெள்ளை. அந்தப் பெண்ணின் கவுன் மட்டும் மஞ்சளாக இருந்தது.

"ஜெரூஷா. அஸ்தினாபுரத்துல இருந்து வர்றா. அவங்கம்மா தன்னோட கல்யாணப் புடவையை வெட்டித் தைச்சிருக்காங்க. பெட்டியில இருந்து இருந்து பழுப்பேறிப்போன வெள்ளை."

"சரி, அதுக்கு?"

"இந்தப் படத்தை எடுத்துட்டு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'அந்த மஞ்ச டிரஸ் பொண்ணு பின்னாடி போம்மா, ஃப்ரேம்ல உறுத்துது'ன்னீங்க."

"நானா?"

"நீங்கதான். நீங்க ஸ்கிரீனைப் பாத்துட்டிருந்தீங்க. நான் அவ முகத்தைப் பாத்துட்டிருந்தேன். எல்லாருக்கும் பின்னாடி போய் தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னா."

தயாளன் திரையில் அந்த மஞ்சள் கவுனைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நீங்க வரிசையோட கோடிக்குப் போனதும், நான் அவளைக் கூப்பிட்டு மறுபடி முன்னாடியே நிக்க வெச்சேன். 'வேணாம் ஆன்ட்டி, என் டிரஸ் மஞ்சளா தெரியும்'னா. தெரியாதும்மான்னு வாக்கு குடுத்துட்டேன்."

"சாராள்..."

"ரொம்ப ஏத்திட்டா சந்தனம், மஞ்சள், வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளையாயிடும்னு காலைல நீங்கதானே என்னை பயமுறுத்தினீங்க? அதான், போற வரைக்கும் ஏத்தினேன்."

தயாளன் வெளுத்துப்போன படத்தை மறுபடி திறந்தார். மஞ்சள் கவுனைத் தேடினார். கிடைக்கவில்லை. முகத்தை வைத்துத்தான் ஜெரூஷாவைக் கண்டுபிடிக்க முடிந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தபீதாள், அந்த வரிசையில் நின்ற அபிகாயிலின் அம்மா.

"என்னண்ணா, போட்டோ இப்படி இருக்கு? அபிகாயில் டிரஸ்ல எவ்வளவு வேலைப்பாடு, ஒண்ணுமே தெரியல. அக்கா எடுத்தாங்களாமே? கேமரா பத்தி தெரியாதவங்ககிட்ட ஏண்ணா குடுத்தீங்க? வேற படம் ஏதாவது இருக்கா?"

தயாளன் ட்ரையல் படத்தை ஒருமுறை பார்த்தார். நல்ல படம்தான். அதை அழித்தார்.

"வேற இல்லம்மா. அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க, செட்டிங் வெச்சது நான்தான். எனக்கு இந்த எக்ஸ்போஷர் சமாச்சாரமெல்லாம் அவ்வளவா தெரியாது."