இரண்டு ‘கு’

“குல்.”

அவர்தான் சொன்னார்.

கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது. கஞ்சி அவர் சட்டையெல்லாம் ஆயிற்று. ஆகட்டும்! சட்டையா இப்போது முக்கியம்?

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் விழுந்த மனிதர். வலது கை போயிற்று. வாய் ஒரு பக்கம் கோணிப் போயிற்று. பேச்சு மொத்தமாகவே போயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போய்விட்டது, ஒரு முனகல்கூட இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் மாட்டுப் படம் காட்டினாள், குடைப் படம் காட்டினாள். “சொல்லுங்க ஐயா, மா...டு.” ஊரில் பாதிச் சுவர்களுக்கு நிறம் சொன்ன பெயின்ட் கடைக்காரர் அவர். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனிமேல் பேச்சு வருவது கஷ்டம் என்று அந்தப் பெண் வாசலில் மகளிடம் மெதுவாகச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

இதோ, பேசிவிட்டார்!

“மஹ்மூதா! ஏ புள்ளே, ஓடியா! வாப்பா பேசிட்டாஹ!”

மகள் அடுக்களையிலிருந்து மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

“என்ன சொன்னாஹ?”

“குல்னு சொன்னாஹ!”

மகள் அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கஞ்சி தொண்டையில அடைச்சிருக்கும் உம்மா. இருமியிருப்பாஹ.”

இருமலாம்! கல்யாணமான மறுநாளிலிருந்து கேட்ட ‘குல்’ அவளுக்குத் தெரியாதா?

தமிழில் எழுதினால் ஒரே ‘கு’தான். அரபியில் இரண்டு உண்டு. தொண்டைக்கு அடியிலிருந்து எடுத்தால் ‘சொல்’. மேலாக எடுத்தால் ‘தின்’.

குல் ஹுவல்லாஹு அஹத். சொல், அவனே அல்லாஹ், அவன் ஒருவன்.

குர்ஆனின் அந்தச் சின்ன அத்தியாயத்தை அவள் ஓதினால் மட்டும் முதல் சொல் ‘தின்’ ஆகிவிடும்.

அவருக்குப் பொறுக்காது. ஓதலில் ஓர் எழுத்து பிசகினால் பள்ளிவாசல் ஹஜரத்தையே விடமாட்டார், பெண்டாட்டியை விடுவாரா? முதலில் இடது புருவம் ஏறும். அப்புறம் அடித்தொண்டையிலிருந்து வரும், “குல்.” பிறகு ஒரு சிரிப்பு.

“அல்லா சொல்லச் சொல்றான். நீ என்னடான்னா திங்கச் சொல்றியே, புள்ளே.”

“எனக்கு வர்ற கு இதுதான். வேணும்னா வேற ஆளைப் பாருங்க.”

இப்படியே காலம் ஓடியது. அவரும் விடவில்லை, அவளும் திருந்தவில்லை.

அவர் விழுந்த பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. மூன்று தடவை ஓதினால் குர்ஆன் முழுவதும் ஓதிய நன்மை தரும் சூரா. அதைத் தப்பும் தவறுமாக ஓதிவிட்டு, இவரைக் குணமாக்கு என்று எந்த வாயால் கேட்பது?

அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு, வாய் கொப்பளிப்பது போல அந்த எழுத்தைப் பழகினாள். இருமினாள். அழுதாள். கடைசியில் வந்தேவிட்டது. அன்று முதல் காலையும் மாலையும் அவர் நெஞ்சில் கை வைத்து, சுத்தமாக மூன்று தடவை ஓதி ஊதினாள்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். அவ்வளவுதான்.

ஓதிவிட்டுத்தான் கஞ்சி கொடுப்பாள். இன்று பார்த்து, “உம்மா, பால் வச்சிருக்கேன், என் கை மாவா இருக்கு, சீக்கிரம் வாங்க” என்று மகள் அவசரப்படுத்தினாள். கரண்டியை அவர் வாயருகே நீட்டியபடியே ஓத ஆரம்பித்தாள். அந்த அவசரத்தில் பழைய ‘கு’ வந்து விழுந்துவிட்டது.

அப்போதுதான் சொன்னார்.

“நீ நம்பலேல்ல? இப்பப் பாரு” என்றாள் மகளிடம்.

அவர் நெஞ்சில் கை வைத்தாள். அடித்தொண்டையிலிருந்து எடுத்து, அழகாக ஓதினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னொரு தடவை ஓதினாள்.

ஒன்றுமில்லை.

மகள் அவள் தோளைத் தொட்டாள். “விடுங்க உம்மா. ஆசையா இருந்தா அப்படித்தான் காதுல கேக்கும்.”

மூன்றாவது தடவைக்கு வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

யா அல்லாஹ்!

அவள் சரியாக ஓதினால், அவர் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஒரு நொடி சிரிப்பு வந்தது, மறுநொடி பயம். வேண்டுமென்றே பிசகுவதா? அதுவும் இந்தச் சூராவிலா? படைத்த ரப்பிடம் என்ன பதில் சொல்வது?

கிண்ணத்தைப் பார்த்தாள். கஞ்சி இன்னும் மிச்சமிருந்தது.

கஞ்சியை நீட்டி ‘தின்’ என்று சொன்னால் அது ஓதலில் பிசகாகுமா? ஆகாது. எந்த ஹஜரத்திடமும் கேட்கவேண்டியதில்லை.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஒரு கரண்டி கஞ்சி மொண்டு, ஊதி ஆற்றி, அவர் வாயருகே கொண்டுபோனாள். அடுக்களையிலிருந்து பால் தீயும் வாடை வந்தது. தாயும் மகளும் நகரவில்லை.

“குல்” என்றாள்.

மேலாக, பழையபடி.

அவர் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

இடது புருவம் ஏறியது.