கனகசபை காட்டிய அருந்ததி

பட்டப்பகலில் வெறும் வானத்தைக் காட்டி அருந்ததி என்று ஒப்பேற்றும் வழக்கம் கனகசபையின் வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை. மாலை முகூர்த்தம் முடிந்து, இருட்டிய பிறகு, குடும்பத்தில் மூத்தவர் நட்சத்திரத்தைக் கண்ணாரக் கண்டுதான் மணமக்களுக்குக் காட்டுவார். அன்று பங்குனி வானத்தில் சப்தரிஷி மண்டலம் தெளிவாக எழுந்திருந்தது. வசிஷ்டரும் தெரிந்தார். அவரை ஒட்டியிருக்கும் அருந்ததியைத்தான் காணவில்லை. அருந்ததி தெரியாதவருக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்பார்கள். கனகசபை வசிஷ்டருக்குப் பக்கத்தில் விரலை நீட்டினார்.

"தெரியுதா பூரணி?"

"ம்... தெரியுதுப்பா" என்றாள் மணக்கோலத்தில் இருந்த மகள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு. தம்பிமார், தங்கைமார், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அவர் கேட்பதற்கு முன்பே தலையாட்டினார்கள்.

"இதுக்கா இம்புட்டு நேரம்? பளிச்சுன்னு நிக்குதேய்யா!" என்று சிரித்தார் பந்தலோரம் நின்ற தவில்காரர். வீட்டார் ஒருவரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை, தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகாத கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "நேத்து எங்க வீட்டு மாடியில நின்னு பார்த்தேனே மாமா..."

"நல்லாப் பாருங்க மாப்ளே" என்றார் கனகசபை. "எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியுது."