இமை வெட்டும் பிளேடு

மரத்தில் உருவம் வெட்டுவது அவள் தொழில். கணவர் இறந்த மறுமாதம், அவர் முகத்தைப் பலகையில் வரைந்து வெட்ட உட்கார்ந்தாள். இமையின் வளைவுக்கு, ஸ்க்ரோல் ரம்பத்தில் மேலும் கீழும் ஓடும் பிளேடு தடிமனாக இருந்தது. கடைக்குப் போனாள்.

“ஸ்க்ரோல் ரம்பத்துக்கு இருக்கிறதிலேயே மெல்லிசான பிளேடு குடுங்க.”

வெளியூரிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த கடைக்காரர், எதுவும் தெரியாமல் சிரித்தார்.

“அண்ணன் இப்பதானே வாங்கிட்டுப் போனாரு! ‘தடி பிளேடால என் மூஞ்சியக் குதறிடப் போறா’ன்னாரு.”

வீட்டுக்கு ஓடினாள். பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே யாருமில்லை. ரம்பத்தில் மயிரிழை போன்ற புது பிளேடு தலைகீழாக மாட்டியிருந்தது. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் அவருக்கு அப்படித்தான் மாட்ட வரும்.

திருப்பி மாட்டினால்தான் வெட்ட முடியும். அவளுக்கு மனசு வரவில்லை. பலகையில் அவர் முகம் இன்னும் பென்சில் கோடாகவே இருக்கிறது.