மேற்குச் சுவர்

மணி மூன்று பத்து. மேசை நடுவில், கட்டப்போகும் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மாதிரி வடிவம், அட்டையில் செய்தது, நிற்கிறது. அலுவலகத்தின் இளைய கட்டடக்கலைஞரான அவள் பதினொரு நாள் உட்கார்ந்து செய்தது. மேற்கு வெயில் பொல்லாத ஊர் என்பதால் அந்தப் பக்கம் தடித்த சுவர் வைத்து, அதற்கு மேல் கூரையை நீட்டி, காற்று வர வரிசையாகத் துளைகள் போட்டிருக்கிறாள். "இது ஆஸ்பத்திரியா, புறாக்கூண்டாம்மா?" என்கிறார் ஆஸ்பத்திரி கட்டப்போகும் முதலாளி. அவரைவிடப் பலமாகச் சிரிக்கிறார் அவளுடைய தலைமைக் கட்டடக்கலைஞர். போன வாரம் இதே சுவரைத் தடவிப் பார்த்து, "இந்த மண்ணுக்கு ஏத்த கட்டடம்" என்று மெச்சியவர், இப்போது அட்டை வெட்டும் கத்தியை அவள் பக்கம் தள்ளுகிறார். "நீ செஞ்சதுதானே, நீயே வெட்டிடு. சாருக்கு முழுக்கக் கண்ணாடி வேணுமாம்." வேடிக்கை பார்க்க வாகாக முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். கத்தி கரகரவென்று இறங்குகிறது. கழன்று விழுந்த கூரை நுனியை முதலாளி ஆட்காட்டி விரலால் சுண்டிவிடுகிறார். அது தரையில் போய் விழுகிறது. சுவர் இருந்த இடத்தில் அவள் பிளாஸ்டிக் தாளை ஒட்டுகிறாள். அறையின் மேற்கு ஜன்னல் வழியே வரும் வெயில் அந்தத் தாளைத் துளைத்து, உள்ளே தீக்குச்சிகளால் செய்த முப்பது சின்னக் கட்டில்கள் மீதும் விழுகிறது.

"கரண்ட் போய் ஏசி நின்னா குழந்தைங்க வெந்துடும் சார்," என்கிறாள்.

முதலாளி நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொள்கிறார்.

"முதல்ல அந்தத் திரைய இழுத்து விடும்மா. வெயில் மூஞ்சியிலயே அடிக்குது, மனுஷன் உக்கார வேணாமா?"