பதினோரு முடிவுகள்

தியேட்டரில் கொடுக்கும் கண்ணாடி, அவரவர் மனம் விரும்பும் முடிவைத்தான் காட்டும். அதனால் ஞானசேகரும் மனைவி வசுமதியும் படம் முடிந்து வரும்போது பாட்டைப் பற்றியும் இடைவேளை சமோசாவைப் பற்றியும் மட்டுமே பேசுவார்கள்.

டிசம்பர் கடைசியில், அந்த வருடம் பார்த்த படங்களும் அவற்றில் அவரவர் கண்ட முடிவுகளும் அடங்கிய பட்டியலைத் தியேட்டரிலிருந்து இருவருக்கும் அனுப்பியிருந்தார்கள். மொத்தம் பதினோரு படங்கள். அவருடைய பட்டியலில் பதினொன்றிலும் கதாநாயகனும் கதாநாயகியும் ஒன்று சேர்ந்திருந்தார்கள். மேசையில் கிடந்த வசுமதியின் போனை எட்டிப் பார்த்தார். பதினொன்றிலும் கதாநாயகி தனியாக பஸ் ஏறிப் போயிருந்தாள். ஒரு படத்தில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பொங்கலுக்கு எந்தப் படம் போலாம்?" என்று கேட்டார்.

"எதுவா இருந்தா என்னங்க," என்றாள் வசுமதி, வெங்காயம் நறுக்கியபடி. "முடிவு நல்லாத்தானே இருக்கும்."