பிள்ளைக்காம்பராவில் முதல் நாள்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு அப்போதுதான் குடிவந்திருந்தாள் செல்லாயி. முதல் நாள் கொழுந்தெடுக்கப் போகுமுன், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் கைக்குழந்தையைக் கொடுத்தாள்.

"அக்கா, பதுளை பஸ் ஸ்டாண்டுல ஒரு பைத்தியக்காரி படுத்துக் கெடந்தாளாமே? இப்ப இந்தத் தோட்டத்துலதான் இருக்காளாம். அவள எம்புள்ளகிட்ட அண்ட விட்றாதீங்க."

குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே ஆயா சொன்னாள்: "அவளுக்கு வந்தது வியாதிம்மா. ஆஸ்பத்திரியில மருந்து குடிச்சுக் கொணமாயிட்டா."

"அதெல்லாம் கொணமாகுமாக்கா?"

"ஆயிருச்சே. அது நான்தாம்மா. பயமா இருந்தா புள்ளயத் தூக்கிக்க."

செல்லாயி பதறிக் கையை நீட்டினாள். ஆயாவின் தோளில் மகன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நீட்டிய கையால் அவன் முதுகைத் தடவிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் ஒருத்தி கேட்டாள்: "அந்தப் பைத்தியத்துக்கிட்டயா விட்டுட்டு வர்ற?"

"பைத்தியமா? எம்புள்ளய எங்கக்காகிட்டல்ல விட்டுட்டு வாறேன்!" என்றாள் செல்லாயி, உள்ளே கேட்கும்படி உரக்க.